கிறைண்டரில் பிழையா, கையில் பிழையா?

இரும்பு வெட்டவும் தேய்க்கவும் கையில் பிடித்துப் பாவிக்கிற கிறைண்டர் பழுதாகி என் மேசைக்கு வரும்போது தீர்ப்பும் கூடவே வந்துவிடும். கொண்டு வருகிறவர், "பேய்ச் சாமான் அண்ணை, ஆறு மாதம்கூடத் தாங்கேல்லை" என்பார். விற்ற கடையில் கேட்டால், "பாவிக்கத் தெரியாத ஆக்கள்" என்பார்கள். நான் கிளிநொச்சியில் மின் கருவிகள் திருத்துகிறவன். முதலில் மெசினைக் கழற்றிப் பார்ப்பேன், பேச்சு அதற்குப் பிறகுதான்.

உள்ளே நிறைய எழுதியிருக்கும். ஆமேச்சரின், அதாவது மோட்டருக்குள் சுழலுகிற பகுதியின், கம்பிச் சுற்று முழுவதும் ஒரே மாதிரிக் கறுத்திருந்தால், மெசினை அதன் வலுவுக்கு மேலே அமுக்கியிருக்கிறார்கள். ஒரே ஒரு இடம் கருகி மற்றதெல்லாம் புதுசு போல இருந்தால், கம்பி சுற்றியதில் குறை என்று சந்தேகப்படுவேன். வயர் மெசினுக்குள் நுழைகிற இடத்தில் றப்பர் கழுத்து நீளம் போதாமல் இருந்து, அந்த இடத்திலேயே கம்பி முறிந்திருந்தால் அது வடிவமைப்புப் பிழை. வேலை செய்கிறவன் வயரை மடக்காமல் எப்படி வேலை செய்வான்?

எங்கள் பக்கத்தில் அதிகம் காண்பது எரிந்த மோட்டர். அதில் பாதிக் குற்றம் வயருக்கு. வளவின் கடைசியில் இரும்புக் கேற் ஒட்டுகிற (வெல்டிங்) வேலைக்கு வீட்டிலிருந்து 50 மீற்றர் மெல்லிய வயர் இழுப்பார்கள். 0.75 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியில் 2000 வாட் மெசினை ஓட்டினால், 230 வோல்ட்டில் ஏறக்குறைய 20 வோல்ட் வழியிலேயே போய்விடும். மெசின் சோரும். சோர்ந்த மெசினை ஆள் இன்னும் அமுக்குவார். வேகம் குறையக் குறைய உள்ளே இருக்கிற விசிறியும் காற்றைக் குறைவாகத்தான் தள்ளும். பிறகு புகைதான். இது பாவனைப் பிழை, சந்தேகமில்லை. ஆனால் தடித்த வயர் வேண்டும் என்று மெசின் விற்றபோது அவருக்கு யாராவது சொன்னார்களா என்றும் கேட்க வேண்டும்.

யுத்தம் முடியும்வரை கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று எங்கள் வன்னியின் பெரும்பகுதியில் மின்சார சபையின் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் வைத்திருந்த சிலரைத் தவிர மற்றவர்கள் கிறைண்டரையும் டிறில்லையும் கையில் எடுத்தது 2010க்குப் பிறகுதான். யுத்தத்துக்குப் பிறகு இந்திய அரசின் உதவியில் வந்த வீட்டுத் திட்டத்தில் அவரவர் வீட்டை அவரவரே நின்று கட்டினார்கள். ஒரு பாஸிடம், அதாவது தலைமை வேலைக்காரரிடம், இரண்டு வருடம் கைவேலை பழகிவிட்டு மெசினைத் தொடுகிற அவகாசம் யாருக்கும் கிடைக்கவில்லை. மெசின் பெட்டிக்குள் இருந்த விளக்கத் தாளிலும் தமிழ் இல்லை. "பாவிக்கத் தெரியாதவர்கள்" என்று சொல்லும்போது எனக்கு வருகிற கோபம் இதனால்தான்.

இருந்தாலும் கையில்தான் பிழை என்று சொல்ல வேண்டிய இடத்தில் சொல்வேன். முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி 4 அங்குல டிஸ்க், அதாவது வெட்டுகிற தட்டு, பூட்டுகிற சின்னக் கிறைண்டர் கொண்டு வந்தார். டிஸ்க்கை மறைக்கிற காப்புக் கவரைக் கழற்றிவிட்டு 7 அங்குல டிஸ்க் பூட்டியிருக்கிறார். டிஸ்க் வெடித்துத் துண்டொன்று தொடையைக் கிழித்திருந்தது. 7 அங்குல டிஸ்க்கில் 8500 சுற்று என்று போட்டிருக்கும், நிமிடத்துக்கு அதற்கு மேல் சுற்றக் கூடாது. சின்னக் கிறைண்டரோ 11,000க்கு மேல் சுற்றும். தயாரித்தவர்கள் இதைத் தடுக்கத்தான் டிஸ்க்கின் நடுத் துவாரத்தின் அளவையே வேறாக வைத்திருக்கிறார்கள்: 4 அங்குலத்துக்கு 16 மில்லிமீற்றர், பெரியதற்கு 22. தம்பி பெரிய துவாரத்துக்குள் வளையம் போட்டு இறுக்கியிருந்தார். கருவி தடுத்தது, கை தாண்டிப் போனது. பனஞ்சலாகை அறுக்க வாள் பல்லுத் தட்டைக் கிறைண்டரில் பூட்டுவதும் இதே மாதிரித்தான். பல்லு மரத்தில் கொழுவினால் மெசின் உங்கள் பக்கம் திரும்பும், பிடித்து நிறுத்த முடியாது.

சுவிச்சின் கதை வேறு. முன்னே தள்ளினால் பூட்டிக்கொண்டு நிற்கிற சுவிச். வேலைக்கு நடுவில் கரண்ட் போகிறது. மெசின் நின்றுவிடுகிறது, ஆள் அதை நிலத்தில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகிறார். கரண்ட் வந்ததும் ஆளில்லாமல் அது சுற்றத் தொடங்குகிறது. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை கரண்ட் வெட்டிய காலத்தில் இப்படி வயர் அறுந்து, தட்டு உடைந்து, முழங்கால் காயப்பட்டு வந்தவர்களைக் கண்டேன். சுவிச்சை நிறுத்த வேண்டும் என்று தாளில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் சத்தம் நின்ற மெசினை எவருடைய மனமும் நின்ற மெசின் என்றுதான் எடுக்கும். மேசனும் மறக்கிறார், ஒட்டு வேலைக்காரரும் மறக்கிறார், இருபது வருடம் இதிலேயே இருக்கிற நானும் மறந்திருக்கிறேன். வெவ்வேறு ஆட்கள் ஒரே கருவியில் ஒரே பிழையை விட்டால், நான் கருவியைத்தான் சந்தேகப்படுவேன். கையை விட்டால் நிற்கிற சுவிச் இருக்கிறது. கரண்ட் திரும்பி வந்தாலும் தானாகச் சுற்றாத மெசின்களும் இருக்கின்றன. வழி தெரிந்தும் செலவுக்காக விட்டது வடிவமைப்புப் பிழை இல்லாமல் வேறென்ன?

காப்புக் கவரிலும் இதையே கவனித்தேன். கழற்றியதற்காக முன்பு எல்லாரையும் ஏசுவேன். அப்புறம்தான் விளங்கியது, சில மெசின்களில் கவரைக் கொஞ்சம் திருப்புவதற்கே ஸ்க்ரூ கழற்ற வேண்டும். ஒரு நாளில் பத்துத் தரம் அதை யார் செய்வார்? கையால் நெம்பித் திருப்புகிற மாதிரி அமைத்த மெசின்கள் பெரும்பாலும் கவரோடேயே திருத்த வருகின்றன.

ஆகவே மெசின் பழுதானால் அதை மட்டும் தூக்கிக்கொண்டு வராதீர்கள். பாவித்த வயர், கழற்றி வைத்த கவர், உடைந்த டிஸ்க்கின் நடுத்துண்டு எல்லாம் வேண்டும். டிஸ்க்கின் நடுவிலுள்ள உலோக வளையத்தில் காலாவதியாகும் காலம் அடித்திருக்கும், செய்து மூன்று வருடம்தான் அதன் ஆயுள். மழைக்கு நனைந்த மூலையில் கிடந்த பழைய டிஸ்க்கை, கீறல் தெரியாவிட்டாலும், தயவுசெய்து பூட்டாதீர்கள்.