மெட்ஃபார்மினைக் குறைக்கச் சொல்லும் கணினி

கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆனால் அந்த அளவு இன்னும் சரிதானா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஓ.பி. வரிசை நீளும் காலையில் அவருக்கு ஒரு நோயாளியோடு கிடைப்பது சில நிமிடங்களே. அந்த நேரத்தில் கைகொடுக்க வந்தவைதான் முடிவுக்குத் துணைசெய்யும் மென்பொருள்கள்.

உள்ளே மந்திரம் ஒன்றுமில்லை. பெரும்பாலும் 'இப்படி இருந்தால் இதைச் செய்' என்ற விதிகள்தான். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின், ரத்தத்தில் 1.6 என்று வைத்துக்கொள்வோம். 25 வயது ஆணுக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் சுமார் 61 வரும். 65 வயதுப் பெண்ணுக்கு அதே 1.6-க்குச் சுமார் 36தான். 45-க்குக் கீழே போனால் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைக் குறைக்க யோசிக்க வேண்டும், 30-க்குக் கீழே நிறுத்த வேண்டும். அவசரத்தில் யார் மனக்கணக்குப் போடுவார்கள்? இங்கே கணினி உண்மையிலேயே உயிர் காக்கும்.

டாக்டர்கள் சலித்துக்கொள்வது வேறு இடத்தில். எதற்கெடுத்தாலும் எச்சரிக்கை வந்தால், முக்கியமானதையும் படிக்காமல் மூடிவிடப் பழகிவிடுகிறது கை. அப்புறம், நோயாளியின் முகத்தைப் பார்க்க வேண்டிய நேரம் தட்டச்சில் போகிறது.

இன்னொரு சிக்கல், திரைக்கு வராத தகவல். மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 9 என்றதும் 'இன்னொரு மருந்து சேர்' என்கிறது மென்பொருள். தினமும் மாம்பழம் உள்ளே போகும் சீசனா, ஓசூருக்கு வேலைக்குப் போனவர் மாத்திரையையே விட்டுவிட்டாரா என்பதைக் கேட்டால்தான் தெரியும். இரும்புச்சத்துக் குறைவான ரத்தசோகை இருந்தாலே அந்த எண் கூடுதலாகக் காட்டலாம். தனியாக வாழும் முதியவருக்கு 7-க்குள் கொண்டுவரத் துடித்தால், சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழும் ஆபத்தும் உண்டு.

பலன் இருக்கிறதா? இந்தியா, பாகிஸ்தானில் 10 மருத்துவமனைகளில் 1,146 பேரிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், சர்க்கரையோடு ரத்த அழுத்தமோ கொழுப்போ சேர்ந்து கட்டுக்குள் வந்தவர்கள், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இருமடங்குக்கு மேல். ஆனால் அங்கே மென்பொருளோடு, நோயாளிகளைப் பின்தொடரத் தனி ஒருங்கிணைப்பாளரும் இருந்தார். ஹரியானாவிலும் பக்கத்துக் கர்நாடகத்திலும் 40 சமுதாய நல மையங்களில் பாதியில் மட்டும் செவிலியர் கையில் இத்தகைய மென்பொருள் உள்ள டேப்லெட் கொடுத்துப் பார்த்தபோது, மற்ற மையங்களைவிடக் குறிப்பிடும்படியான வித்தியாசம் தெரியவில்லை. ஒப்பிடப்பட்ட மையங்களிலும் பயிற்சி தந்திருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

நல்ல மென்பொருளில் ஆலோசனையை மறுக்கும் பொத்தான் இருக்கும், ஏன் என்றும் கேட்கும். அந்தக் காரணங்களை அவ்வப்போது எடுத்துப் படித்தால், எந்த விதி இந்த ஊருக்குப் பொருந்தவில்லை என்று பிடித்துவிடலாம்.