காய்ச்சல் போன பிறகும் இருமல் ஏன் போவதில்லை?

மூன்று நாளில் காய்ச்சல் விட்டுவிடுகிறது. மூக்கு ஒழுகுவதும் ஒரு வாரத்தில் குறைந்துவிடுகிறது. ஆனால் ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தையின் இருமல் மட்டும் இரண்டாம் வாரம், மூன்றாம் வாரம் என்று இழுத்துக்கொண்டே போகும். ராத்திரி இருமி எழுந்து, குடித்த பாலையெல்லாம் வாந்தி எடுக்கும். வீட்டில் ஒருவர் மருந்தை மாற்றச் சொல்வார், இன்னொருவர் டாக்டரையே மாற்றச் சொல்வார். அப்படி மாற்றிக்கொண்டே இருக்கும்போது ஒருநாள் இருமல் நின்றுவிடும். கடைசியாக வாங்கிய மருந்துதான் கேட்டது என்று எல்லோரும் நம்பிவிடுவோம்.

சாதாரண சளி பிடித்த குழந்தைகளை நாள் கணக்கில் கவனித்த ஆய்வுகளைத் தொகுத்து, 2013-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வந்தது. 10 குழந்தைகளில் 9 பேருக்கு இருமல் முழுதாக நிற்க 25 நாள் வரை ஆகிறது என்பது அதன் முடிவு. பத்தாவது குழந்தைக்கு அதற்கும் மேல். அதாவது மூன்றாவது வாரத்து இருமல் பெரும்பாலும் மருந்து தோற்றதன் அடையாளம் அல்ல. நோய் தன் வழக்கமான பாதையில் போய்க்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

கிருமி போய்விட்டது, காய்ச்சலும் இல்லை. பிறகு எதற்கு இருமல்?

மூச்சுக்குழாயின் உட்சுவரில் குற்றிழைகள் கொண்ட செல்கள் நெருக்கமாக நிற்கின்றன. ஒவ்வொரு செல்லின் தலையிலும் சுமார் 200 இழைகள். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு நீளம்கூட இல்லாத இந்த இழைகள், வினாடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அசைகின்றன. அசைவு துடுப்புப் போடுவதைப் போன்றது: போகும்போது விறைப்பாக நிமிர்ந்து தள்ளும், திரும்பும்போது மடங்கித் தாழ்வாக வரும். இழைகளைச் சுற்றி நீர்த்த ஒரு திரவமும், அதன் மேல் பசையான சளிப் படலமும் இருக்கின்றன. நாம் சுவாசிக்கும் தூசி, புகை, கிருமி எல்லாம் அந்தப் பசையில் ஒட்டிக்கொள்ள, இழைகள் படலத்தை அப்படியே மேல்நோக்கி நகர்த்தித் தொண்டைக்குக் கொண்டுவருகின்றன. அதை நாம் தெரியாமலே விழுங்கிவிடுகிறோம், வயிற்று அமிலம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது. தூங்கும்போதும் இந்த வேலை நிற்பதில்லை.

சளிக்காய்ச்சல் வைரஸ்கள் குறிவைப்பது இந்த இடத்தைத்தான். குறிப்பாக ஆர்.எஸ்.வி. எனப்படும் வைரஸ் குற்றிழைச் செல்களுக்குள்ளேயே புகுந்து பெருகுகிறது. இரண்டு வயது முடிவதற்குள் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளையும் ஒருமுறையாவது தொட்டுவிடும் வைரஸ் இது. தாக்கப்பட்ட செல்கள் இழைகளை இழக்கின்றன, சில இடங்களில் செல்லே உரிந்து விழுந்துவிடுகிறது. உடலின் நோய் எதிர்ப்பு வைரஸை ஒரு வாரம், பத்து நாளில் அடக்கிவிடும். ஆனால் உரிந்த சுவரை உடனே பழையபடி ஆக்க முடியாது. அடியில் இருக்கும் செல்கள் பிரிந்து முதலில் காயத்தை மூடவேண்டும், அவை முதிரவேண்டும், அப்புறம்தான் புது இழைகள் முளைத்து, எல்லாம் ஒரே திசையில் ஒழுங்காக அசையத் தொடங்கும். அதற்குச் சில வாரங்கள் ஆகும்.

அதுவரை சளியை மேலே கொண்டுவர உடலிடம் இருக்கும் ஒரே வழி இருமல். ஆழமாக மூச்சை இழுத்து, குரல்வளையை மூடி, வயிறும் விலாவும் சேர்ந்து நெரித்து, சட்டென்று திறந்துவிடுவது. மூடியிருக்கும் நேரம் வினாடியில் ஐந்தில் ஒரு பங்குதான். அதற்குள் ஏறிய அழுத்தம் சளியைப் பிய்த்து மேலே எறிந்துவிடுகிறது. இந்தக் கட்டத்தில் இருமலை அடக்க நினைப்பது, குழந்தைக்கு மிச்சமிருக்கும் ஒரே துப்புரவு வழியையும் அடைப்பதாகும்.

சுவர் உரிந்ததால் இன்னொன்றும் நடக்கிறது. இருமலைத் தூண்டும் வேகஸ் நரம்பின் நுனிகள் அந்தச் சுவருக்குள்தான் இருக்கின்றன. வீக்கமும் சேர்ந்து அவற்றைக் கூர்மையாக்கிவிடும். அதனால்தான் ஓடினாலும், சிரித்தாலும், அழுதாலும், ஏசி அறைக்குள் நுழைந்தாலும் இருமல் வருகிறது. படுத்தால் மூக்குச் சளி தொண்டையின் பின்புறம் வழிவதால் ராத்திரி அதிகம். வாந்திக்கும் பயப்பட வேண்டாம். சின்னக் குழந்தைக்குத் துப்பத் தெரியாது, சளியை விழுங்கும். பலமாக இருமும்போது வயிறும் சேர்ந்து நெரிபடுவதால் வெளியே வந்துவிடுகிறது.

குழாயின் அளவையும் சொல்லவேண்டும். குறுகிய குழாயில் காற்றுக்கு ஏற்படும் தடை, ஆரம் குறையக் குறைய நான்காம் அடுக்கில் ஏறும். 8 மில்லிமீட்டர் அகலக் குழாயின் சுவர் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினால் தடை மூன்று மடங்கு சொச்சம் கூடும். அதே வீக்கம் 4 மில்லிமீட்டர் குழாயில் வந்தால் 16 மடங்கு. நமக்கு வெறும் தொண்டைக் கரகரப்பாக முடியும் வைரஸ், பக்கத்தில் படுத்திருக்கும் குழந்தையை மூச்சிரைக்க வைப்பது இதனால்தான்.

"மாசம் முழுக்க இருமல்தான்" என்று சொல்லப்படும் பல குழந்தைகளுக்கு உண்மையில் வருவது ஒரே இருமல் அல்ல. சாதாரண சளியை உண்டாக்கும் ரைனோவைரஸில் மட்டுமே 150-க்கு மேல் வகைகள் உண்டு. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் புரதங்கள் முதல் ஆண்டுக்குள் தீர்ந்துவிட, குழந்தை ஒவ்வொரு வகையையும் புதிதாகச் சந்திக்கிறது. வருடத்துக்கு ஆறிலிருந்து எட்டு தடவை சளி பிடிப்பது இந்த வயதில் இயல்பு. அங்கன்வாடிக்கோ பிளே ஸ்கூலுக்கோ போகும் குழந்தைக்கு இன்னும் அதிகம். ஒவ்வொன்றும் மூன்று வாரம் இழுத்தால் மழைக்காலம் முழுவதும் இருமலாகவே தெரியும். எதிர்ப்புச் சக்தி இல்லை என்று இதை வைத்து முடிவுகட்ட வேண்டியதில்லை.

சளி பச்சையாகிவிட்டால் ஆன்டிபயாடிக் வேண்டும் என்பது பலரும் நம்பும் ஒன்று. பச்சை நிறம் பெரும்பாலும் நம் சொந்த வெள்ளணுக்களில் உள்ள ஒரு நொதியிலிருந்து வருகிறது. வைரஸோடு அவை போராடினாலும் சளி பச்சையாகும். ஆன்டிபயாடிக் வைரஸைத் தொடாது, குழந்தைக்கு வயிற்றுப்போக்கைத்தான் தரும்.

அப்புறம் இருமல் சிரப். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: சின்னக் குழந்தையின் வீட்டில் அந்த பாட்டில் தேவையே இல்லை. அது இருமலின் நாட்களைக் குறைப்பதாக நிரூபணம் இல்லை. ஆபத்து மட்டும் நிரூபணமாகிவிட்டது. 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா பகுதியில் 20-க்கு மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். சளி, காய்ச்சல் என்று மருந்து கொடுக்கப்பட்ட குழந்தைகள். அந்த சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். சோதனையில் அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது. ஏற்கத்தக்க அளவு 0.1 சதவீதம். மருந்தைக் கரைக்கப் பயன்படும் புரொப்பிலீன் கிளைக்காலின் இடத்தில், அல்லது அதனோடு கலந்து, இந்தத் தொழிற்சாலை ரசாயனம் வந்துவிடுகிறது. இனிப்பாக இருப்பதால் நாக்குக்குத் தெரியாது. 1937-ல் அமெரிக்காவில் நூறு பேருக்கு மேல் இதே நஞ்சால் இறந்தார்கள், 2022-ல் காம்பியாவில் சுமார் 70 குழந்தைகள். சிந்துவாரா சம்பவத்துக்குப் பிறகு, இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்துகள் கொடுக்கவே கூடாது, ஐந்து வயது வரையிலும் பொதுவாகப் பரிந்துரைக்கத்தக்கதல்ல என்று மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. இதைக் கடைக்காரர் சொல்லமாட்டார், நாம்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

காய்ச்சலுக்கான பாராசிட்டமால் வேறு கதை. எடைக்கேற்ற அளவில் அது பாதுகாப்பானது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சொட்டு மருந்தில் பெரும்பாலும் 1 மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும், சாதாரண சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம். ஒன்றின் அளவை இன்னொன்றில் கொடுத்தால் நான்கு மடங்கு பிசகிவிடும்.

சரி, என்னதான் செய்வது? ஒரு வயது தாண்டிய குழந்தைக்குத் தூங்கும் முன் அரை டீஸ்பூன் தேன் கொடுக்கலாம். ராத்திரி இருமல் குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடவே கூடாது: அதில் இருக்கக்கூடிய குளோஸ்ட்ரிடியம் பாட்டுலினம் விதைமூலங்கள் பிஞ்சுக் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். மூக்கடைப்புக்குச் சலைன் (உப்புநீர்) சொட்டு போதும். வெதுவெதுப்பான தண்ணீர், ரசம், கஞ்சி, தாய்ப்பால் எல்லாம் சளியை இளக வைக்கும். தயிர், வாழைப்பழம், ஆரஞ்சு சளி கட்டும் என்று நிறுத்துவதற்கு அறிவியல் காரணம் இல்லை. ஏற்கெனவே சாப்பிட மறுக்கும் குழந்தையிடம் பிடித்த உணவையும் பறித்தால் எடைதான் இறங்கும். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி ஊட்டவேண்டும். நோய் விட்ட பிறகும் இரண்டு வாரத்துக்குத் தினமும் ஒரு வேளை கூடுதலாகக் கொடுத்தால் இழந்த எடை திரும்பும்.

குளித்ததும் சாம்பிராணி காட்டுவது, அறைக்குள் கொசுவத்தி, ஊதுபத்தி, யாராவது பீடி, சிகரெட் பிடிப்பது எல்லாவற்றையும் நிறுத்துங்கள். புகை, முளைத்துக்கொண்டிருக்கும் இழைகளை நேராகத் தாக்குகிறது. கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சித் தேய்ப்பது அன்போடு செய்யப்படுவதுதான், ஆனால் கற்பூரம் வாய் வழியாகவோ தோல் வழியாகவோ அதிகம் ஏறினால் சின்னக் குழந்தைக்கு வலிப்பு வரும். மூக்கில் எண்ணெய் விடுவது இன்னும் மோசம். எண்ணெய் இருமலைக்கூடத் தூண்டாமல் நுரையீரலுக்குள் இறங்கி, ஆறக் கடினமான நிமோனியாவை உண்டாக்கும். ஆவி பிடித்தலில் பலன் சொற்பம், கொதிநீர்க் காயங்கள் நிஜம்.

இவ்வளவு சொன்னாலும், எல்லா இருமலும் காத்திருக்கலாம் என்ற ரகம் அல்ல. குழந்தை அமைதியாகவோ தூக்கத்திலோ இருக்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல் என்றால் நிமோனியாவாக இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அன்றே டாக்டரிடம் போகவேண்டும். மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவது, உதடு நீலமாவது, எதுவும் குடிக்க முடியாமல் துவண்டு கிடப்பது, வலிப்பு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நேரம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு. விட்டுப்போன காய்ச்சல் சில நாள் கழித்துத் திரும்பி வந்தாலும் காட்டவேண்டும், அப்போது பாக்டீரியா உள்ளே வந்திருக்கலாம்.

நான்கு வாரம் தாண்டியும் சளியோடு கூடிய ஈர இருமல் தினமும் இருந்தால், மூச்சுக்குழாயில் பாக்டீரியா தங்கியிருக்கலாம். இங்கே ஆன்டிபயாடிக் உண்மையிலேயே வேலை செய்யும். வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்தாலோ, இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோடு எடையும் ஏறாமல் இருந்தாலோ காசநோய்ப் பரிசோதனை வேண்டும். தொடர்ந்து இருமி முடிவில் ஊளையிடுவதுபோல் மூச்சை இழுத்தால் கக்குவான். விளையாடிக்கொண்டிருந்த குழந்தைக்குத் திடீரென்று புரையேறி, அன்றிலிருந்தே இருமல் என்றால் நிலக்கடலையோ புளியங்கொட்டையோ உள்ளே மாட்டியிருக்கலாம். அதை எக்ஸ்ரே காட்டாமலும் போகலாம், எனவே புரையேறிய சம்பவத்தை டாக்டரிடம் மறக்காமல் சொல்லவேண்டும்.

டாக்டரிடம் போகுமுன் இரண்டு விஷயங்களைத் தயார் செய்துகொள்ளுங்கள். ராத்திரி இருமும்போது போனில் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள், ஏனென்றால் கிளினிக்கில் குழந்தை இருமாது. இரண்டு இருமலுக்கு நடுவில் சில நாளாவது முழுசாக ஓய்ந்திருந்ததா என்று காலண்டரில் குறித்து வையுங்கள். ஓய்ந்திருந்தால் அடுத்தடுத்த சளிகள், ஒருநாள்கூட ஓயவில்லை என்றால் வேறு காரணம் தேடவேண்டும். இந்த ஒரு தகவல் எக்ஸ்ரேயே வேண்டாம் என்று டாக்டரைச் சொல்ல வைக்கலாம், உடனே எடுக்கச் சொல்லவும் வைக்கலாம்.