பெஞ்ச்மார்க்: மட்டக்குறியா, ஒப்புச்சோதனையா?

பெஞ்ச்மார்க்: பெயர்ச்சொல், "பெஞ்ச்மார்க் பண்ணு" என வினையாகவும் புழங்குகிறது. மென்பொருளில் இதன் பொருள், ஒரே வேலைப்பளுவை ஒரே நிலைமையில் ஓட்டி, கிடைக்கும் வேகத்தையும் தாமதத்தையும் முன்பு பதிந்துவைத்த அளவோடு ஒப்பிடுவது. இந்த வரையறையில் "ஒரே" இரண்டு முறை வருகிறது. பெரும்பாலோர் கோட்டைவிடுவதும் அங்கேதான்.

சொல் பிறந்தது நில அளவையில். 19-ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் உயரம் அளந்தவர்கள் தேவாலயச் சுவர், பாலத்தூண் போன்ற அசையாத கல்லில் கிடைமட்டமாக ஒரு வெட்டுக்குறி செதுக்கிவைத்தார்கள். அந்த வெட்டில் ஓர் இரும்புக் கோணப்பட்டையைச் செருகினால் சிறிய பெஞ்சு போல வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அளவுக்கோலை அதன்மேல் நிறுத்தினால் யார் எப்போது வந்து அளந்தாலும் கோலின் அடி அதே உயரத்தில் இருக்கும். பெஞ்சுக்கான மார்க் என்பதால் பெஞ்ச்மார்க். இந்தியாவிலும் இந்த முறை வந்தது, ஜிடிஎஸ் பி.எம். (பெரும் முக்கோண நில அளவையின் பெஞ்ச்மார்க்) என்று பொறித்த கற்களை இன்றும் சில ஊர்களில் பார்க்கலாம். கட்டடவேலையில் இருப்பவர்களுக்கு "பி.எம். எங்கே?" என்பது அன்றாடக் கேள்வி.

கணினிக்கு வந்தபோது சொல்லின் பொருள் நகர்ந்துவிட்டது. கணக்கிடும் வேகத்தை அளக்க 1972-இல் வந்த வெட்ஸ்டோன், தரவுத்தளங்களை அளக்க 2010-இல் யாகூ வெளியிட்ட ஒய்சிஎஸ்பி போன்றவற்றில் குறியும் பெஞ்ச்மார்க், குறியோடு ஒப்பிட ஓட்டும் நிரலும் பெஞ்ச்மார்க். தமிழாக்கத்தில் சிக்கல் வருவது இதனால்தான். செய்தித்தாள்கள் "அளவுகோல்" என்கின்றன. ஆனால் அளவுகோல் அளக்கும் கருவி, குறி அல்ல. "மட்டக்குறி" மூலப்பொருளுக்கு அச்சாகப் பொருந்துகிறது. ரசமட்டம் பிடிக்கும் கொத்தனாருக்குக்கூடப் புரியும். அதையே நீட்டி நிரலுக்கு "மட்டச்சோதனை" என்று பெயர் வைத்தால் வில்லங்கம்: மட்டமான சோதனை என்றுதான் காதில் விழும். ஆகவே மாறாத குறிக்கு மட்டக்குறி, ஓட்டிப் பார்க்கும் செயலுக்கு ஒப்புச்சோதனை என்று இரண்டாகப் பிரிப்பதே நல்லது. ஆங்கிலத்தில் ஒன்றாகக் குழம்பிக் கிடப்பதைத் தமிழில் பிரித்துச் சொல்ல முடிகிறது என்றால், அந்த வாய்ப்பை ஏன் விடவேண்டும்?

இந்தப் பிரிவினை எங்கே உதவுகிறது என்பதைக் கீ-வேல்யூ தரவுத்தளத்தின் (ஒரு கீயைக் கொடுத்தால் அதற்குரிய வேல்யூவைத் தரும் தரவுத்தளம்) தானியங்கு ஒப்புச்சோதனையில் பார்க்கலாம். ராக்ஸ்டிபியை எடுத்துக்கொள்வோம். கூகுளின் லெவல்டிபியிலிருந்து 2012-இல் ஃபேஸ்புக் கிளைத்தெடுத்தது இது. ஒப்புச்சோதனைக்கான டிபி பெஞ்ச் என்ற நிரல் கூடவே வருகிறது.

டிபி பெஞ்சை எதையும் மாற்றாமல் ஓட்டினால் 10 லட்சம் பதிவுகள், 16 பைட் கீ, 100 பைட் வேல்யூ. மொத்தம் 116 மெகாபைட். அதையும் பாதியாகச் சுருங்கும் தரவாகத்தான் உருவாக்குகிறது. இது முழுவதும் நினைவகத்திலேயே அடங்கிவிடும் என்பதால் படிக்கும்போது எஸ்எஸ்டி என்ற சேமிப்பு வட்டுக்கு வேலையே இருக்காது. 8 ஜிபி நினைவகம் உள்ள இயந்திரத்தில் வேல்யூவை 400 பைட்டாக்கி 12 கோடி பதிவுகள் எழுதினால், சுருங்கிய பிறகும் ஏறக்குறைய 26 ஜிபி வரும். நினைவகத்தைப் போல மூன்று மடங்கு என்பதால் இனி எஸ்எஸ்டியைத் தொட்டே ஆகவேண்டும்.

அடுத்த பொறி, தரவை நிரப்பும் ஃபில்ரேண்டம் என்ற டிபி பெஞ்ச் சோதனை. பெயரைப் பார்த்தால் 10 லட்சம் கீ எழுதும் என்று தோன்றும். அது ஒவ்வொரு முறையும் தற்செயலாக ஒரு கீயை எடுப்பதால் பல கீகள் திரும்பத் திரும்ப வரும்; வேறுபட்டவை சுமார் 63 சதவீதம்தான் மிஞ்சும். அதன்மேல் தற்செயலாகக் கீகளைப் படிக்கும் ரீட்ரேண்டம் ஓட்டினால் முடிவு வரியின் ஓரத்தில் இத்தனைக்கு இத்தனை கிடைத்தது என்று காட்டும். தேடியவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானவை கிடைக்காமல் போயிருக்கும். ஒரு கீ இல்லை என்பதை முன்கூட்டியே சொல்லும் ப்ளூம் ஃபில்டர் போட்டிருந்தால் இல்லாத கீ எஸ்எஸ்டிக்குப் போகாமலே திரும்பிவிடும், வேகம் பொய்யாக ஏறும். ஒவ்வொரு கீயையும் ஒருமுறை மட்டும் எழுதும் ஃபில்யுனிக்ரேண்டம் போட்டு நிரப்பினால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஒரே இழையில்தான் (த்ரெட்) ஓடும் என்பதால் நேரம் பிடிக்கும். ஒருமுறை நிரப்பிப் படியெடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அந்தப் படியிலிருந்தே தொடங்கலாம்.

எழுதும் சோதனையில் கால அளவு முக்கியம். புதிதாக எழுதியவை முதலில் வந்து சேரும் லெவல் 0-வில் 4 கோப்பு சேர்ந்தால் ராக்ஸ்டிபி கோப்புகளை ஒன்றிணைத்து ஒழுங்குபடுத்தும் கம்பேக்‌ஷனைத் தொடங்கும், 20 சேர்ந்தால் எழுதுவதை மெதுவாக்கும், 36-இல் நிறுத்தியே வைக்கும். இவை இயல்பு அமைப்புகள். கம்பேக்‌ஷன் கடன் (செய்யாமல் தேங்கிய வேலை) ஏறுவதற்கு முன்பே முடிந்துவிடும் இரண்டு நிமிடச் சோதனை, கடனைக் கணக்கில் சேர்க்காத லாபம். நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தைப் பதியச்சொல்லி, கோடு சமநிலைக்கு வந்த பிறகு வரும் பகுதியை மட்டும் எடுக்கவேண்டும். மேகக்கணினியில் இன்னொரு கண்ணி உண்டு: அமேசானின் ஜிபி2 வட்டு சேமித்துவைத்த வரவில் 3000 ஐஓபிஎஸ் (நொடிக்கு இத்தனை படிப்பு, எழுத்து) வரை பாயும், சுமார் அரை மணி நேரத்தில் அது தீர்ந்துவிடும். 100 ஜிபி வட்டு என்றால் அதன்பின் 300-தான்.

தானியங்குநிரல் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் செய்யவேண்டியவை: சிபியு கவர்னரை (செயலியின் வேகத்தை ஆளும் அமைப்பு) பெர்ஃபார்மன்ஸில் வைப்பது, டர்போவை (செயலியின் தற்காலிக வேக ஏற்றம்) அணைப்பது, சிங்க் செய்து (எழுதக் காத்திருப்பதை வட்டில் எழுதி) பேஜ் கேஷை (இயங்குதளம் நினைவகத்தில் வைத்திருக்கும் கோப்புப் படிகள்) காலிசெய்வது, டிபி பெஞ்சைப் புதிய ப்ராசஸாகத் தொடங்குவது (ராக்ஸ்டிபி தான் படித்ததை வைத்துக்கொள்ளும் பிளாக் கேஷ் அதற்குள்ளேதான் இருக்கிறது), தற்செயல் எண்களுக்குத் தொடக்கமான சீட் எண்ணை நிலையாகக் கொடுப்பது. சீட் 0 என்றால் கடிகாரத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். வெளியீட்டில் "அசர்ஷன்கள் இயங்குகின்றன, சோதனை வீணாக மெதுவாகும்" என்ற பொருளில் எச்சரிக்கை வந்தால் (அசர்ஷன் என்பது நிரலின் உள்சரிபார்ப்பு) அது பிழைதேடுவதற்காகத் தொகுத்த டீபக் பில்ட்; நிரல் அங்கேயே தோல்வி என்று நிற்கவேண்டும். எச்சரிக்கையை லாகில் எழுதிவிட்டுத் தொடர்ந்தால், அந்த லாகை யாரும் திறந்து படிக்கப்போவதில்லை.

ஒப்பீட்டுக்கு வருவோம். முதலில் மாற்றமே இல்லாத ஒரே பில்டை இரண்டு பெயரில் ஓட்டிப் பார்க்கவேண்டும். அதிலேயே 4 சதவீதம் வேறுபாடு வந்தால், 3 சதவீதச் சரிவுக்கு மணியடிக்கும் விதி தினமும் சும்மா அடித்துக்கொண்டிருக்கும். பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றி ஓட்டி, ஒவ்வொன்றிலும் ஐந்தாறு ஓட்டங்களின் இடைநிலையை எடுத்தால், அறைச்சூடும் அண்டை வேலைகளும் இரண்டு பக்கமும் சமமாகப் படியும்.

பலரும் எழுதும் விதி "நேற்றைய அளவோடு இன்றையதை ஒப்பிடு" என்பது. நாளுக்கு 1 சதவீதம் சரிந்தால் மணி ஒருநாளும் அடிக்காது. பத்தே நாளில் 9.6 சதவீதம் போயிருக்கும். நில அளவைக்காரர்களுக்கு இது பழைய சங்கதி. தற்காலிகக் குறியிலிருந்து அடுத்த தற்காலிகக் குறிக்கு உயரத்தைக் கடத்திக்கொண்டே போனால் பிழை சேர்ந்துகொண்டே வரும். அதனால் உயரம் தெரிந்த ஒரு பி.எம்.-இல் கொண்டுபோய் முடித்து, எத்தனை மில்லிமீட்டர் விலகியிருக்கிறது என்று சரிபார்ப்பார்கள். இங்கே அந்தக் கல்லுக்கு நிகர், வெளியான ஒரு பதிப்பின் பில்ட். அதைப் பத்திரப்படுத்தி, ஒவ்வொரு வாரமும் அதே இயந்திரத்தில் புதியதோடு சேர்த்து ஓட்டவேண்டும். அதன் பழைய எண்ணை மட்டும் வைத்துக்கொண்டால் போதாது; கெர்னல் புதுப்பித்தாலோ எஸ்எஸ்டி மாற்றினாலோ எண் செல்லாக்காசு. மோங்கோடிபி என்ற தரவுத்தளத்தின் குழு வேறு வழியில் போனது: வரம்புச் சதவீதத்தை விட்டுவிட்டு, முழு வரலாற்றிலும் திருப்பப்புள்ளி எங்கே என்று தேடும் புள்ளியியல் முறையைக் கையாண்டு, 2020-இல் அதை ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டது. வேலையாட்கள் போதுமான அளவு இருந்தால் இரண்டையும் செய்யலாம். ஒன்றுதான் முடியும் என்றால் முதலில் கல்லை நடுவது எளிது.

பேஸ்லைனை இதோடு குழப்பவேண்டாம். அதுவும் நில அளவைச் சொல்தான். 1802-இல் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே சுமார் 12 கி.மீ. நீளத்துக்கு அளந்தது அப்படியொரு அடிக்கோடு. மென்பொருளில் பேஸ்லைன் என்பது மாற்றத்துக்கு முன் எடுத்த அளவு, அடுத்த மாதமே மாறலாம். அதற்கு "தொடக்க அளவு" போதும். எழுதும்போது இப்படி வரும்: "தொடக்க அளவை விட 2 சதவீதம் வேகம், மட்டக்குறிப் பதிப்பை விட 5 சதவீதம் தாழ்வு, ஒப்புச்சோதனை ஓட்டங்கள் ஆறு."