அலைச்சறுக்குப் பலகையைச் சூட்டில் வைப்பது ஏன்?

கோவளம் கடற்கரையை ஒட்டிய ஒரு கொட்டகையில், அடிபட்ட அலைச்சறுக்குப் பலகை ஒன்றுக்குப் புதிதாக ஃபைபர் துணி ஒட்டுவதை ஒருநாள் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எப்பாக்சி பிசினையும் ஹார்டனரையும் ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் கலந்து, பாதியைப் பலகையின் மேல் ஊற்றிப் பரப்பிவிட்டு, மிச்சத்தைக் கோப்பையோடு ஓரமாக வைத்தார்கள். அரை மணி நேரத்துக்குள் கோப்பையிலிருந்து மெல்லிய புகை எழுந்தது. அதன் அடிப்பகுதி சூட்டில் நெளிந்து போயிருந்தது. அதே கலவை பரவியிருந்த பலகையைத் தொட்டால் சூடே தெரியவில்லை. தேனைத் தொட்டது போல விரலில் ஒட்டியது. புதிதாகச் செய்த பலகையைத் தனியாக ஒரு சூட்டறையில் வைப்பதற்கான காரணத்தில் பாதி அந்தக் கோப்பையிலேயே தெரிந்துவிட்டது.

எப்பாக்சி நமக்குப் புதிதல்ல. இரண்டு குழாய்களிலிருந்து சம அளவு பிதுக்கிக் குழைத்து ஒட்டும் அரால்டைட், ஒழுகும் குழாயை அடைக்க உருட்டும் எம்-சீல் ஆகியவை அதே குடும்பம்தான். ஒட்டிய பிறகு "காய்ந்துவிட்டதா?" என்று கேட்பது நம் வழக்கம், ஆனால் எப்பாக்சி காய்வதில்லை. பெயின்ட் காயும்போது அதிலுள்ள கரைப்பான் ஆவியாகிப் போகிறது. எப்பாக்சியில் அப்படி வெளியேற வேண்டியது எதுவும் இல்லை; கலந்ததெல்லாம் உள்ளேயே இருந்து ஒன்றோடொன்று பிணைந்து இறுகுகிறது. பிசின் மூலக்கூறின் இரு முனைகளிலும் இரண்டு கார்பனும் ஓர் ஆக்சிஜனும் சேர்ந்த முக்கோண வளையம் உண்டு. வளைத்துப் பிடித்த மூங்கில் போல இறுக்கத்தில் இருக்கும் அந்த வளையத்தை, ஹார்டனரிலுள்ள அமீனின் நைட்ரஜன் தொட்டுத் திறக்கிறது. திறந்த இடத்தில் நிலையான பிணைப்பு உண்டாகிறது. அடக்கி வைத்திருந்த ஆற்றல் வெப்பமாக வெளிவருகிறது. ஓர் அமீன் மூலக்கூறு நான்கோ அதற்கு மேலோ வளையங்களைப் பிடிக்கக்கூடியது என்பதால், சங்கிலிகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, இறுதியில் பலகை முழுவதும் ஒரே வலையாக மாறிவிடுகிறது.

மீன்பிடி ஃபைபர் படகு கட்டுவோர் பெரும்பாலும் பயன்படுத்துவது பாலியெஸ்டர் பிசின். அதில் ஊற்றும் கேட்டலிஸ்ட் ஒன்றிரண்டு சதவீதம்தான். குளிர் நாளில் கொஞ்சம் கூட்டலாம், வெயில் நாளில் கொஞ்சம் குறைக்கலாம். எப்பாக்சியின் ஹார்டனரோ தூண்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் பொருளன்று; வலையின் சரிபாதிப் பங்காளி. அளவைக் கூட்டினால் இணை கிடைக்காத அமீன் மிஞ்சும். குறைத்தால் திறக்காத வளையம் மிஞ்சும். ஆகவே வேகத்தை மாற்ற வேண்டுமானால், வேறு ஹார்டனரைத் தேர்ந்தெடுப்பதைத் தவிர, கையில் இருக்கும் ஒரே திருகு வெப்பம்தான். அளவு தவறிக் கலந்த எப்பாக்சியை எத்தனை மணி நேரம் சூட்டில் வைத்தாலும் அது சரியாகாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பிசுபிசுப்பைச் சூடு போக்கும் என்று நம்பிக் காத்திருந்து, கடைசியில் சுரண்டி எடுத்தவர்கள் பலர்.

கோப்பையில் மொத்தமாகக் கிடக்கும் பிசினில் உண்டாகும் வெப்பம் வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்குகிறது. சூடு ஏற ஏற வினையின் வேகம் கூடுகிறது. வேகம் கூடக் கூட இன்னும் சூடு உண்டாகிறது. பத்து டிகிரி உயர்ந்தால் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது வேதியியலின் பழைய கைக்கணக்கு. பலகையிலோ பிசின் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான கனத்தில் பரவிக் கிடக்கிறது. பிறக்கும் வெப்பம் உடனுக்குடன் காற்றில் கலந்துவிடுகிறது. தன் சூட்டிலேயே தன்னைச் சமைத்துக்கொள்ளும் வாய்ப்பு பலகைக்கு இல்லை.

அறை வெப்பநிலையிலேயே விட்டுவிட்டால் சில நாட்களில் அது முழுவதும் இறுகிவிடாதா? இறுகும், ஆனால் முழுவதும் இறுகாது. எப்பாக்சி தன் இறுக்கத்தாலேயே தன் வினையை நிறுத்திக்கொள்கிறது. நெரிசலான நகரப் பேருந்தை எண்ணிப் பாருங்கள். கூட்டம் குறைவாக இருக்கும்வரை கண்டக்டர் நடந்து சென்று எல்லோருக்கும் டிக்கெட் கொடுக்கிறார். நெரிசல் முற்றியபின் அவர் கையில் டிக்கெட் இருக்கிறது, பின்வரிசைப் பயணியின் கையில் சில்லறை இருக்கிறது, இருவருக்கும் இடையே வழியில்லை. வலை பின்னப் பின்ன எப்பாக்சிக்குள் நடப்பதும் இதுதான்: திறக்காத வளையங்களும் இணை தேடும் அமீன்களும் மிச்சமிருந்தும், நகர முடியாமல் அந்தந்த இடத்திலேயே உறைந்துபோகின்றன. டிரைவர் ஒரு பிரேக் போட்டதும் கூட்டம் குலுங்கிக் கொஞ்சம் இடம் உண்டாவது போல, வெப்பம் மூலக்கூறுகளைக் குலுக்கி வழி உண்டாக்குகிறது. விட்டுப்போன பிணைப்புகள் நிறைவேறுகின்றன.

இப்படி உறைந்த நிலையிலிருந்து மறுபடி இளகத் தொடங்கும் வரம்பைக் கண்ணாடிநிலை மாற்ற வெப்பநிலை என்பார்கள். அறையில் இறுகிய எப்பாக்சியின் இந்த வரம்பு பொதுவாக அறையின் வெப்பநிலையைவிடப் பத்து முதல் முப்பது டிகிரி மட்டுமே மேலே நிற்கும். கலிபோர்னியாவில் ஒரு வீட்டுக் கராஜில், பனிக்காலத்தில், 15 டிகிரியில் செய்த பலகையை எடுத்துக்கொள்வோம். கையால் தட்டினால் கல் போலத்தான் இருக்கும். ஆனால் அதன் வரம்பு 40 டிகிரியை ஒட்டியே நின்றிருக்கக்கூடும்; கோடை மணலில் கிடத்திய பலகையின் மேற்பரப்பு அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். அப்போது குதிகால் பட்ட இடமெல்லாம் குழியாகும்; வழவழப்பாகத் தேய்த்து முடித்த மேற்பரப்பில் துணியின் நெசவுக் கோடுகள் மெல்லத் தலைகாட்டும். அதே பலகையைக் கடலைப் பார்க்குமுன் 50 அல்லது 60 டிகிரியில் சில மணி நேரம் வைத்திருந்தால், வரம்பும் அந்த அளவுக்கு மேலே ஏறியிருக்கும். வெப்பத்தால் நாம் வாங்குவது நேரத்தை மட்டுமன்று, வெயிலைத் தாங்கும் தன்மையையும்தான்.

அப்படியானால் விமானப் பாகங்களைப் போல நூறு டிகிரிக்கு மேல் கொண்டுபோய் வேலையை ஒரேயடியாக முடித்துவிடலாமே என்று தோன்றும். தடையாக இருப்பது பலகையின் வயிறு. எப்பாக்சிப் பலகைகள் பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது நாம் தெர்மாகோல் என்று சொல்லும் அதே வெள்ளைப் பொருள், சற்று அடர்த்தி கூடிய வகை. பள்ளிக்கூடத்து மாதிரி வீட்டுக்குத் தவறான பசையைத் தடவி, சுவர் கண்ணெதிரே கரைந்து ஓட்டையானதைப் பார்த்தவர்களுக்கு, இதற்கு ஏன் எப்பாக்சிதான் வேண்டும் என்பது உடனே விளங்கும். பாலியெஸ்டர் பிசினில் கலந்திருக்கும் ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துவிடும், எப்பாக்சி கரைக்காது. 1950-களின் இறுதி முதல் பாலியூரித்தேன் நுரைக்கட்டையும் பாலியெஸ்டர் பிசினும்தான் இத்தொழிலை ஆண்டன. அமெரிக்காவின் நுரைக்கட்டைகளில் பெரும்பகுதியை வழங்கிவந்த கலிபோர்னியாவின் கிளார்க் ஃபோம் நிறுவனம் 2005 டிசம்பர் 5 அன்று முன்னறிவிப்பின்றி மூடப்பட்டது. கட்டைக்கு அலைந்த பலகைத் தச்சர்களில் பலர் அதன் பிறகுதான் தெர்மாகோல் பக்கமும் எப்பாக்சி பக்கமும் திரும்பினார்கள்.

தெர்மாகோலின் மூலப்பொருளான பாலிஸ்டைரீன் 100 டிகிரியை ஒட்டி இளகும்; நுரை வடிவில் 80 டிகிரியிலேயே சுருங்கத் தொடங்கிவிடும். ஆனால் அதற்கு வெகு முன்பே காற்று தொல்லை கொடுக்கிறது. தெர்மாகோலின் கன அளவில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டுப் பங்கு காற்று. 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடேற்றினால், அடைபட்ட காற்றின் அழுத்தம் சுமார் 12 சதவீதம் கூடும். கேட்பதற்குச் சிறிய எண்ணாகத் தெரியலாம். ஆறடிப் பலகையின் மேற்பரப்பு முக்கால் சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்தக் கூடுதல் அழுத்தம் முழுவதும் மேல்தோலின் மீது விழுந்தால், உள்ளிருந்து தள்ளும் மொத்த விசை முக்கால் டன் எடைக்கு மேல் வரும். நுரையின் சின்னஞ்சிறு அறைகள் அதில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்கின்றன என்பதால்தான் பலகை பிழைக்கிறது. துணி சரியாகப் பிடிக்காத இடம் ஒன்று இருந்தால், அங்கே தோல் உரிந்து கொப்புளமாக எழும். எப்பாக்சிப் பலகைகள் பலவற்றில் காற்றை விட்டு நீரைத் தடுக்கும் சிறு அடைப்பான் ஒன்றைப் பதிப்பது இதற்காகவே. திருகு வகையாக இருந்தால், சூட்டில் வைக்கும் முன் அதைக் கழற்றிவிட வேண்டும்.

ஆகவே வேலை நடக்கும் இடம் மிகக் குறுகியது: பிசின் கேட்கும் சூட்டுக்கும் நுரை பொறுக்கும் சூட்டுக்கும் நடுவே, ஏறத்தாழ 45 முதல் 60 டிகிரி வரை. வீட்டில் பலகை செய்வோர் இதற்குக் கட்டும் சூட்டறையில் நுட்பம் எதுவும் இல்லை. வெப்பம் காக்கும் தகடுகளால் சவப்பெட்டி போல ஒரு நீண்ட பெட்டி, ஒரு சிறிய மின்சூடேற்றி, காற்றைச் சுழற்ற ஒரு விசிறி, வெப்பநிலை மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மோஸ்டாட், இரு முனைகளிலும் ஒவ்வொரு வெப்பமானி. விசிறி இல்லாவிட்டால் மேல்பக்கம் 60 டிகிரியாகவும் அடிப்பக்கம் 35 டிகிரியாகவும் இருக்கும். சூடேற்றியின் வாய் பலகையையோ தகட்டையோ நேராகப் பார்க்கக் கூடாது. தெர்மாகோல் எளிதில் தீப்பிடிக்கும் பொருள். பெட்டி எதற்கு, வெயிலில் வைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. வெயில் ஒரு பக்கத்தை மட்டும் சுடும், அளவு நம் கையில் இல்லை, மேலும் புற ஊதாக்கதிர் எப்பாக்சியை மஞ்சளாக்கும்.

பெட்டியைவிட முக்கியம் பொறுமை. பிசின் பூசிய சூட்டோடு பலகையை உள்ளே தள்ளினால், இறுகுமுன்பே அது தண்ணீராக இளகி விளிம்புகளில் வழிந்துவிடும். அறை வெப்பநிலையில் ஒரு நாள் விட்டு, நகம் பதியாத அளவுக்கு இறுகியபின் உள்ளே வைப்பதே முறை. பிறகு மணிக்குப் பத்து டிகிரிக்கு மிகாமல் ஏற்றுகிறார்கள். இந்த நிதானத்துக்கு அழகான காரணம் ஒன்று உண்டு. சூடு ஏறும்போது விட்டுப்போன பிணைப்புகள் சேர்கின்றன. பிணைப்புகள் சேரச் சேர இளகும் வரம்பும் உயர்கிறது. மெதுவாக ஏற்றினால், பெட்டியின் வெப்பநிலை வரம்பைத் துரத்திக்கொண்டே போகும், பெரிதாக எட்டிப்பிடிக்காது. பலகை நெடுகிலும் தன் வடிவத்தைக் காத்துக்கொள்ளும். அவசரப்பட்டு ஏற்றினால் வெப்பநிலை முந்திவிடும். பலகை தொய்ந்து, தாங்கிகள் இருக்கும் இடத்தில் வளைந்து, அந்த வளைவோடேயே நிரந்தரமாக இறுகிவிடும். உச்சத்தில் நான்கு முதல் எட்டு மணி நேரம் வைத்துவிட்டு, பெட்டியைத் திறக்காமல் மெல்ல ஆறவிடுகிறார்கள். கடைசித் தேய்ப்பை இதற்குப் பிறகு வைத்துக்கொள்வது கெட்டிக்காரத்தனம்: எழ வேண்டிய நெசவுக் கோடுகள் பெட்டிக்குள்ளேயே எழுந்துவிடும், அவற்றைத் தேய்த்துச் சமன்செய்துவிடலாம்.

அதே காற்றுக்கணக்கு இன்னொரு இடத்திலும் உதவுகிறது. முப்பது லிட்டர் கொள்ளளவுள்ள பலகையில் பிசின் பூசிக்கொண்டிருக்கும்போது வெயில் ஏறி நுரை ஐந்து டிகிரி சூடானால், ஏறக்குறைய அரை லிட்டர் காற்று வெளியேறப் பார்க்கும். அதில் ஒரு பகுதி வந்தாலும் ஈரப் பிசினில் ஊசித்துளைகளாகக் குமிழியிடும். இதனால் அனுபவசாலிகள் கட்டையை முதலில் இளஞ்சூட்டில் வைத்திருந்து, வெப்பம் இறங்கும் நேரத்தில், பெரும்பாலும் மாலையில், பூசுகிறார்கள். குளிரும் காற்று சுருங்கிப் பிசினை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

சென்னைக் கோடையில் தகரக் கொட்டகை தானாகவே 38 டிகிரி காட்டும். அங்கே செய்யும் பலகையின் வரம்பு தொடக்கத்திலேயே கலிபோர்னியாக் கராஜுடையதைவிட உயரத்தில் நிற்கும். சூட்டறையில் ஏற்ற வேண்டிய தூரம் குறைவு. கோப்பையில் பிசின் கெட்டியாகும் நேரமும் அந்த அளவுக்குக் குறையும் என்பதால் சிறிது சிறிதாகக் கலக்க வேண்டும். கடற்காற்றின் ஈரமும் கார்பன் டை ஆக்சைடும் அமீனோடு சேர்ந்து மேற்பரப்பில் மெழுகுபோன்ற படலத்தை உண்டாக்கும். அடுத்த பூச்சுக்கு முன் தண்ணீரால் கழுவித் துடைத்தால் போய்விடும். கழுவாமல் பூசிய பூச்சு, சூட்டறைக்குள் போய்வந்தாலும், பட்டை பட்டையாக உரிந்து வரும்.