கனானிக்கல்: எந்த முகவரி கணக்கில் சேரும்?

இணையதளம் வைத்திருப்பவர்கள் தேடுபொறி வேலையைத் தொட்டதும் காதில் விழும் சொல் ‘கனானிக்கல்’. ஒரே பக்கம் பல முகவரிகளில் திறந்தால், அவற்றுள் கணக்கில் கொள்ள வேண்டிய ஒன்றைக் குறிப்பது அது. அதன் பொருள் பிடிபட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

கிரேக்க மொழியில் ‘கன்னா’ என்றால் நாணல். நேரான தண்டை வைத்து அளந்ததால், அதன் வழிவந்த ‘கனோன்’ அளவுகோலைக் குறித்தது. பிறகு விதியையும் குறித்தது. திருச்சபை ஏற்றுக்கொண்ட மறைநூல்களின் தொகுதிக்கும் அதுவே பெயரானது. கத்தோலிக்கத் தமிழில் அந்த இடத்தில் ‘திருமுறை’ நிற்கிறது. விவிலியத்தின் ‘இணைத் திருமுறை நூல்கள்’ நினைவுக்கு வரலாம். கணிதமும் கணினியும் இச்சொல்லை எடுத்தபோது, பல விதமாக எழுதக்கூடிய ஒன்றுக்கு எல்லாரும் ஒப்பிய ஒரே வடிவம் என்ற பொருள் வந்தது.

நம் ‘கோல்’ நடந்து வந்த பாதையும் இதேதான். வெறும் குச்சி துலாக்கோலானது, அளவுகோலானது, செங்கோலும் ஆனது. சோழர் கல்வெட்டுகள் பதினாறு சாண் கோலால் நிலம் அளந்ததைச் சொல்கின்றன. சில கோயில் சுவர்களில் கோலின் நீளத்தையே வெட்டி வைத்திருக்கிறார்கள். எத்தனை கோல்கள் புழங்கினாலும் ஒப்பிட்டுப் பார்க்க நிலையான ஒன்று வேண்டும் அல்லவா? கனானிக்கல் முகவரியின் வேலையும் அதுவே.

எக்ஸாம்பிள்.காம் என்ற தளத்தை எடுத்துக்கொள்வோம். அதன் முகப்புப் பக்கத்தை முகவரியின் தொடக்கத்தில் எச்டிடிபி, அதன் பாதுகாப்பான வடிவமான எச்டிடிபிஎஸ் என இரண்டு வகையிலும் திறக்கலாம். முன்னால் டபிள்யூடபிள்யூடபிள்யூ போட்டும் போடாமலும் திறக்கலாம். பின்னால் முகப்புக் கோப்பின் பெயரான இன்டெக்ஸ்.எச்டிஎம்எல் சேர்த்தும் சேர்க்காமலும் திறக்கலாம். இரண்டு, இரண்டு, இரண்டு எனப் பெருக்கினால் ஒரே பக்கத்துக்கு 8 முகவரிகள். நமக்கு அது ஒரே வாசல். தேடுபொறிக்கு எட்டும் வேறு வேறு. பிறர் தரும் இணைப்புகள் எட்டாகப் பிரிந்து கிடக்கும். எதை முடிவுகளில் காட்டுவது என்பதைத் தேடுபொறியே தேர்ந்துகொள்ளும். தளப் பெயருக்குப் பின் வரும் ஒற்றைச் சாய்கோட்டைப் பற்றி மட்டும் கவலை வேண்டாம். அதைத் தட்டினாலும் விட்டாலும் உலாவி அனுப்பும் கோரிக்கை ஒன்றுதான்.

2009 பிப்ரவரியில் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து கனானிக்கல் குறியை அறிவித்தன. பக்கத்தின் தலைப்பகுதியில், கணக்கில் கொள்ள வேண்டிய முகவரியை ஒரு வரியில் எழுதிவிடலாம். கூகுள் இதை ஒரு பரிந்துரையாக மட்டுமே எடுத்துக்கொள்ளும், ஆணையாக அல்ல.

கனானிக்கல் முகவரியைச் சிலர் ‘மூல முகவரி’ என்கிறார்கள். அது பொருந்தாது. மூலம் என்றால் முதலில் தோன்றியது. கனானிக்கல் முதலில் தோன்றியதாக இருக்க வேண்டியதில்லை. நேற்று வந்த எச்டிடிபிஎஸ் முகவரியும் கனானிக்கல் ஆகலாம். ‘நியமன முகவரி’ என்றால் வேலைக்கான நியமன ஆணைதான் கண்முன் வருகிறது. என் தேர்வு ‘முதன்மை முகவரி’. ஆனால் ‘முதன்மைப் பக்கம்’ என்று மாற்றிவிடக் கூடாது. முகப்புப் பக்கம் என்றே புரிந்துகொள்வார்கள்.

மீதி ஏழு முகவரிகளுக்கும் ரீடைரக்ட்தான் சரியான மருந்து. ஒரு முகவரியைக் கேட்டவரைத் தானாகவே வேறொரு முகவரிக்கு அனுப்புவது அது. ‘திசைதிருப்பல்’ என்ற சொல்லில் ஏமாற்றும் வாடை அடிக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவில் புழங்கும் ‘வழிமாற்று’ தெளிவாகவும் கச்சிதமாகவும் இருக்கிறது. சர்வர் பதிலாக அனுப்பும் எண்களில் 301 நிரந்தர வழிமாற்று, 302 தற்காலிகமானது. முகப்புக்கு வேண்டியது 301. ஏழும் ஒரே பாய்ச்சலில் முதன்மை முகவரிக்குப் போக வேண்டும். எச்டிடிபியிலிருந்து எச்டிடிபிஎஸ், அங்கிருந்து டபிள்யூடபிள்யூடபிள்யூ எனச் சங்கிலியாக இழுக்கக் கூடாது.

இன்டெக்ஸ் கோப்பை வழிமாற்றும்போது கவனம் தேவை. முகப்பைக் கேட்டால் சர்வர் உள்ளுக்குள் அந்தக் கோப்பைத்தான் எடுத்துத் தருகிறது. விதியை மேலோட்டமாக எழுதினால் முகப்பு தன்னையே சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் திறக்காமலே போகும். வாசகரின் உலாவி கேட்ட முகவரியில் இன்டெக்ஸ் இருந்தால் மட்டும் மாற்றும்படி விதி எழுத வேண்டும். பிறகு தளத்தின் மெனுவில் ‘முகப்பு’ என்ற இணைப்பையும் திறந்து பாருங்கள். பல தளங்களில் அது இன்னும் இன்டெக்ஸ்.எச்டிஎம்எல்லுக்கே போய்க்கொண்டிருக்கும்.