களப்புக்குள் சலவைத்தூள் கொட்டாதீர்கள்

போன கிழமையும் அதேதான். களப்போரத் துறையொன்றில் படகொன்றுக்கு எஞ்சின் ஒயில் மாற்றியிருக்கிறார்கள். பழைய ஒயில் இருந்த கான் சரிந்து பாதி தண்ணீருக்குள். நான் போய் இறங்கும்போது இரண்டு பொடியன்கள் வாளியில் சலவைத்தூளைக் கலக்கி அதன்மேல் வீசிக்கொண்டு நிற்கிறார்கள். படகுக்காரர் சந்தோஷமாக, "பாருங்க மிஸ், எல்லாம் கரைஞ்சிட்டு" என்கிறார்.

அம்பாறைக் கரையோரக் கிராமங்களில் எண்ணெய்க் கசிவு பற்றி வகுப்பெடுப்பதும், கசிந்த இடத்துக்குப் போய்ப் பார்ப்பதும்தான் என் தொழில். இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஐயா, எண்ணெய் கரையவில்லை. உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போனது, அவ்வளவுதான். மேலே படலமாகக் கிடந்ததைச் சலவைத்தூள் பொடிப்பொடித் துளியாக உடைத்துத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டது. மேலே கிடந்தால் வளைத்து அள்ளலாம். கீழே இறங்கியபின் யாராலும் அள்ள முடியாது. மீன் முட்டையிலும் இறால் குஞ்சிலும் நண்டின் செவுளிலும் போய் ஒட்டும். போதாக்குறைக்குச் சலவைத்தூளும் தன் பங்குக்குச் செவுளைக் கெடுக்கும். முந்தி இருந்தது ஒரு நஞ்சு, இப்போது இரண்டு.

"கப்பல்காரரும் மருந்து தெளிக்கிறாங்கதானே மிஸ்?" என்று அடுத்த கேள்வி வரும். தெளிக்கிறார்கள்தான். அது அதற்கென்றே செய்த மருந்து. ஆழக்கடலில், அனுமதி எடுத்து, கரைக்கு வந்து நாசம் பண்ணுவதைவிட அங்கேயே சிதறிப் போகட்டும் என்று கணக்குப் பார்த்துத் தெளிப்பது. இடுப்பளவு தண்ணீர் நிற்கிற களப்பில் கடைப் பக்கற்றைப் பிரித்துக் கொட்டுவதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

வெள்ளைக்காரனும் இதைப் பட்டுத்தான் தெளிந்தான். 1967இல் டொரி கன்யன் என்ற கப்பல் குவைத் மசகு எண்ணெய் (சுத்திகரிக்காத கச்சா எண்ணெய்) ஏறத்தாழ 1,20,000 தொன்னோடு இங்கிலாந்தின் கோர்ன்வால் கரைக்கு அப்பால் பாறையில் ஏறியது. பதறிப்போய்ச் சுமார் 10,000 தொன் சவர்க்கார வகை இரசாயனத்தைக் கடலிலும் கரையிலும் கொட்டினார்கள். எண்ணெய்க்குத் தப்பியிருக்கக்கூடிய நத்தையும் சிப்பியும் அந்த இரசாயனத்தில் செத்தன. இரசாயனம் படாத பாறைகள் சில வருடங்களில் தேறின. அதிகமாகப் பட்ட பாறைகளுக்குப் பத்து வருடத்துக்கு மேல் எடுத்தது.

இன்னொரு வசனமும் இருக்கிறது: "கடல் எவ்வளவு பெரிசு, ஒரு கான் ஒயில் என்ன செய்யும்?" ஒரு லீற்றர் ஒயில் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிப்பில் பரந்தால் ஆயிரம் சதுர மீற்றரை மூடும், அதாவது கால் ஏக்கர். அதோடு நீங்கள் ஊற்றுவது கடலிலும் இல்லை. மழைக்கு வெட்டித் திறக்கும்வரை முகத்துவாரம் மண் மூடிக் கிடக்கிற களப்பில் ஊற்றுகிறீர்கள். அது எங்கே போகும்? கண்ணா (கண்டல்) மரத்தடியில் போய்த் தங்கும். சேற்றுக்கு மேலே விரல் விரலாக நிற்கிறதே மூச்சுவேர், அதில் ஒயில் பூசினால் மரம் மூச்சு முட்டிப் பட்டுப்போகும். அப்படிப்பட்ட இடத்தில் நண்டு வளைக்குப் பக்கத்தில் குதிக்காலை ஊன்றி அழுத்திப் பாருங்கள். எப்போதோ கொட்டியது வானவில் நிறத்தில் மேலே ஊறி வரும்.

சரி, இது சின்ன ஒயில். பெரிய எண்ணெய்க் கதைக்கு வருவோம். அது அரபு நாட்டுக்காரருக்கும் அமெரிக்கனுக்கும் நடுவில் நடப்பது, நமக்கென்ன என்று வகுப்பில் கொட்டாவி விடுகிறார்கள். 2022 ஓகஸ்டில் படகுக்கு ஊற்றுகிற மண்ணெண்ணெய் லீற்றருக்கு ஒரே நாளில் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானபோது கரையில் யாரும் கொட்டாவி விட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. டொலர் இல்லாத நாட்டுக்கு அந்த வருடத்தின் முதல் பாதியில் இந்தியக் கடனில் எரிபொருள் வந்தது. ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கான 250 மில்லியன் டொலர் பாக்கியைத் தேயிலையால் அடைக்க 2021இல் ஒப்பந்தம் செய்த நாடு இது. சபுகஸ்கந்தவில் இருப்பதே ஈரானிய எண்ணெய்க்கென்று கட்டிய சுத்திகரிப்பு நிலையம். ஈரானுக்கு அமெரிக்கா தடை போட்டால் அடி இங்கேயும் விழும். இன்னும் பின்னால் போனால், அறுபதுகளின் தொடக்கத்தில் சிறிமாவோ அரசாங்கம் வெளிநாட்டு எண்ணெய்க் கம்பனிகளின் சொத்துகளை அரசுடைமையாக்கியதற்காக 1963இல் அமெரிக்கா இலங்கைக்கான உதவியையே நிறுத்தியது. பக்கத்துத் திருகோணமலையில் பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன தாங்கிகள் யார் கையில் இருப்பது என்று இன்றைக்கும் பேச்சு ஓயவில்லை.

அதே எண்ணெய் நம் கண்ணுக்கு எதிரேதான் போய்வருகிறது. வளைகுடாவில் ஏற்றிய கப்பல் ஒடிசாவின் பரதீப்புக்குப் போவதென்றால் இலங்கையின் தென்கோடித் தெய்வேந்திரமுனையைச் சுற்றி, அம்பாறைக் கடலைத் தாண்டித்தான் மேலே ஏறவேண்டும். 2020 செப்டம்பர் 3ஐத் திருக்கோவில், பொத்துவில் ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். குவைத்திலிருந்து பரதீப்புக்குப் போய்க்கொண்டிருந்த நியூ டயமன்ட் என்ற எண்ணெய்க் கப்பல், சங்கமன்கண்டிக்குக் கிழக்கே சுமார் 38 கடல் மைலில் தீப்பிடித்தது. உள்ளே 2,70,000 தொன் மசகு எண்ணெய், டொரி கன்யனில் இருந்ததைப்போல இரண்டு மடங்குக்கு மேல். பிலிப்பைன்ஸ் மாலுமி ஒருவர் இறந்துபோனார். இலங்கைக் கடற்படையோடு இந்தியக் கடற்படையும் கரையோரக் காவல் கப்பல்களும் வந்து நின்றன. பக்கத்து வீட்டுப் பாசம் மட்டும் காரணமில்லை, எண்ணெயே அவர்களுடைய இந்தியன் ஒயில் கம்பனிக்குப் போய்க்கொண்டிருந்தது. சரக்குத் தாங்கிகள் உடையவில்லை. டீசல்தான் கசிந்து படலமாகக் கிடந்தது.

நாங்கள் தப்பினோம் என்று மேடையில் பேசுகிறார்கள். கரைக்கு வந்திருந்தால் அள்ள யாரிடம் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. அது நடந்தது கச்சான் காற்று கரையிலிருந்து கடல் பக்கம் வீசுகிற காலம். மார்கழியில் வாடைக்காற்று கரைக்கு அடிக்கும்போது, முகத்துவாரங்கள் திறந்திருக்கிற நேரத்தில், தாங்கி உடைந்திருந்தால்? அதை நினைத்தால் எனக்கு இன்னும் நித்திரை வராது.

அப்புறம், செய்யவேண்டியவை. எத்தனை தரம் சொன்னாலும் சொல்வேன். ஒயில் மாற்றும்போது கீழே தட்டு வையுங்கள், கானை மூடிக் கரைக்குக் கொண்டுவாருங்கள். பழைய ஒயில் வாங்க ஆள் இருக்கிறது. படகின் அடியில் தேங்குகிற ஒயில் தண்ணீரைத் துறைக்குள் இறைக்காதீர்கள். 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கக் கடல் மாசுறல் தடுப்புச் சட்டம் பெரிய கப்பலுக்கு மட்டும் எழுதியது இல்லை. தரையில் சிந்தினால் உமியையோ மரத்தூளையோ போட்டு ஊறவிட்டு அள்ளுங்கள். நெல் ஆலை இல்லாத ஊரா நமது? தண்ணீரில் சிந்திவிட்டால் எதையும் கொட்டாமல் பரவவிடாது வளையுங்கள், உடனே கடற்றொழில் பரிசோதகருக்குச் சொல்லுங்கள். திட்டு விழும் என்று ஒளிக்காதீர்கள். திட்டுவேன்தான், ஆனால் அதற்கு முன்னால் அள்ள ஆள் கொண்டுவருவேன்.

கரையில் தார் உருண்டை ஒதுங்கினால் பிள்ளைகளைத் தொடவிடாதீர்கள். காலில் ஒட்டினால் மண்ணெண்ணெயால் தேய்க்கவேண்டாம், தோல் போய்விடும். தேங்காய் எண்ணெய் பூசித் துடைத்துவிட்டுச் சவர்க்காரம் போடுங்கள். நிறைய ஒதுங்கினால் மண்ணால் மூடாதீர்கள், அடுத்த பெரிய அலையடிக்கு அது திரும்ப வெளியே வரும். கடற்படைக்கும் கிராம சேவகருக்கும் இடத்தையும் நேரத்தையும் சொல்லி, படமெடுத்து வையுங்கள்.

கடைசியாகத் தயவாகக் கேட்கிறேன், அண்ணன்மாரே. தினமும் என்ன மீன், எத்தனை கிலோ, என்ன விலை என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள், மீன் வாங்குகிற முதலாளி தருகிற கணக்குத் துண்டையும் அதற்குள் வையுங்கள். கப்பலால் தொழில் போனது என்று நட்டஈடு கேட்கிற நாளில், "முந்தி எவ்வளவு பிடித்தாய்?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.