பிரஷைக் கண்டாலே வாயை மூடிக்கொள்ளும் குழந்தை

ஒன்றரை வயதுக் குழந்தையின் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். நடு முன்பற்கள் இரண்டுக்கும் மேலே, உதட்டையும் ஈறையும் இணைத்தபடி மெல்லிய சதைமடிப்பு ஒன்று இருக்கும். சின்ன வயதில் அது பல்லை ஒட்டியே இறங்கியிருக்கும். பிரஷ் அதில் ஒரு தடவை இடித்தாலே சுரீரென்று வலிக்கும். மறுநாள் குழந்தை வாயை இறுக மூடிக்கொண்டால் நாம் அதை அடம் என்கிறோம். உண்மையில் பல நேரங்களில் அது வலியின் நினைவுதான்.

இதற்கு வழி எளிது. ஆள்காட்டி விரலைக் கடைவாய் ஓரமாக உதட்டுக்குள் நுழைத்து, அந்த மடிப்பின் மேல் படுக்கை வாட்டில் வைத்து உதட்டைத் தூக்குங்கள். பிரஷ் வழி தவறினாலும் உங்கள் விரலில்தான் இடிக்கும். இழைகளைப் பல்லும் ஈறும் சேரும் கோட்டில் சாய்வாக வைத்து, ஓரிரு பல் அகலத்துக்கு மட்டும் மெல்ல அசைத்தால் போதும்.

வாஷ்பேசின் முன்னால் நிற்க வைத்துத் தேய்ப்பது இந்த வயதுக்குச் சரிப்படாது. தலை ஆடும், மேல்பற்கள் கண்ணில் படாது. படுக்க வைத்துத் தலையை உங்கள் மடியில் வாங்கிக்கொள்ளுங்கள். பெரியவர்கள் இருவர் இருந்தால் முழங்காலோடு முழங்கால் ஒட்ட எதிரெதிரே உட்காரலாம். குழந்தையின் கால்கள் ஒருவர் இடுப்பின் இரு பக்கமும் இருக்க, தலை மற்றவர் மடிக்கு வரும். கால் பக்கம் இருப்பவர் கைகளைப் பிடித்துப் பேச்சுக் கொடுக்க, மற்றவர் தேய்க்கலாம். இன்னொரு பிரஷைக் குழந்தையின் கையிலேயே கொடுத்துவிடுங்கள், கடித்துக்கொண்டிருக்கட்டும்.

கடைவாய்ப் பல்லுக்குப் போகும்போது பலரும் "ஆ காட்டு, இன்னும் பெருசா" என்பார்கள். வெளிப்பக்கத்தைத் தேய்க்க அது இடைஞ்சல். வாயை அகலத் திறந்தால் கன்னம் இறுகிவிடும். பாதி மூடியிருந்தால்தான் பிரஷுக்கு இடம் கிடைக்கும். உள்பக்கம் தேய்க்கும்போது நாக்கின் பின்பகுதியைத் தொடாதீர்கள், குமட்டும்.

பேஸ்ட்டும் பகையாகலாம். பெரியவர்களின் புதினா வாசனை பேஸ்ட் சின்ன நாக்குக்கு எரியும், காரமில்லாததாக வாங்குங்கள். ஆனால் சொத்தையைத் தடுக்கும் ஃபுளோரைடு இருக்க வேண்டும். டியூபில் ஃபுளோரைடின் அளவு 1000 பிபிஎம் (ppm) என்று போட்டிருக்கிறதா எனப் பார்த்து வாங்கலாம். 3 வயது வரை ஓர் அரிசி அளவு, அதன்பின் 6 வயது வரை பட்டாணி அளவு. இழைகளுக்குள் அழுத்திவிட்டால் குழந்தை முதலில் சப்பித் தின்றுவிடாது. அரிசி அளவை விழுங்கினாலும் கவலையில்லை, கொப்பளிக்க வைக்கவும் வேண்டாம். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற பகுதியில் இருப்பவர்கள் மட்டும் பல் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. உப்பு, கரி, சொரசொரப்பான பல்பொடி எதுவும் வேண்டாம். பால் பல்லின் எனாமல், அதாவது மேல்பூச்சு, நிரந்தரப் பல்லினுடையதில் ஏறக்குறைய பாதித் தடிமன்தான்.

இரண்டு வேளையும் முடியாத நாளில் இரவை விட்டுவிடாதீர்கள். தூங்கும்போது எச்சில் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடும். பாலின் சர்க்கரையைக் கிருமிகள் அமிலமாக்கும்போது அதைக் கழுவிவிட ஆள் இருக்காது. பால் தேங்குவது மேல் முன்பற்களைச் சுற்றித்தான். கீழ்ப் பற்களை நாக்கு மூடிக் காக்கிறது. அதனால் குழந்தை இருபது நொடிதான் பொறுக்கும் என்றால் மேல் முன்பற்களில் தொடங்குங்கள். தேய்த்தபின் பால், ஜூஸ் கிடையாது, தண்ணீர் மட்டும்.

ஈறோரமாகச் சுண்ணாம்புக் கோடு போல வெள்ளையாகத் தெரிந்தால் அது சொத்தையின் தொடக்கம். இந்தக் கட்டத்தில் ஃபுளோரைடும் ஒழுங்கான துலக்கலும் அதைத் தடுத்து நிறுத்த முடியும். பழுப்பாகிக் குழி விழுந்துவிட்டால் முடியாது.

இதுவரை ஒழுங்காகக் காட்டிய குழந்தை திடீரென மறுத்தால் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். முதல் கடைவாய்ப் பல் 13 முதல் 19 மாதத்துக்குள்ளும், இரண்டாவது 2 வயதை ஒட்டியும் முளைக்கும். ஈறு வீங்கியிருந்தால் அந்த இடத்தை மட்டும் சில நாள் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மற்ற பற்களைத் தேய்க்கலாம். மரத்துப்போகச் செய்யும் ஜெல்லை நீங்களாகத் தடவ வேண்டாம். 2 வயதுக்குள் அது ஆபத்தாகலாம். வாய்ப்புண்ணோ குழியோ தென்பட்டால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.